சிறிய கல்லூரி என்னும் முன்தீர்ப்பு

அமெரிக்கக் கால்பந்து உலகில் ஆண்டுதோறும் ஏப்ரல் நெருங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும். பெரிதும் அறியப்படாத கல்லூரி ஒன்றில் பந்தை ஏந்தி ஓடி ஆயிரக்கணக்கான கெஜங்களைக் கடந்த ஓர் இளைஞரின் பெயர் பேச்சில் வந்தவுடன், "எதிரே ஆடியவர்கள் யார்?" என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்பவர் விடைக்காகக் காத்திருப்பதில்லை. கேட்ட மாத்திரத்திலேயே மதிப்பீடு முடிந்துவிட்டதாகக் கொண்டு அடுத்த பெயருக்கு நகர்ந்துவிடுகிறார். ஐயம் எழுப்புவதைப் போலத் தோன்றும் இவ்வழக்கம் உண்மையில் ஐயத்துக்கு நேர் எதிரானது. சான்றைப் பார்க்க மறுப்பதற்கு அது ஒரு கௌரவமான சாக்கு, அவ்வளவே. அந்தச் சாக்கின் விலையைத் தருபவர் அதைச் சொன்னவர் அல்லர். ஆட்ட வாழ்வு மிகக் குறுகிய ஒரு தொழிலில் இருக்கும் இளைஞர் தம் உடலால் அதைத் தருகிறார்.

இவ்விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில விவரங்கள். 'ரன்னிங் பேக்' எனப்படுபவர் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடுபவர். இக்காலத்தில் பந்தைப் பிடிப்பதும், பந்தெறிபவரைத் தாக்க வருவோரை மறிப்பதும் அவர் வேலைதான். கல்லூரிக் கால்பந்து அடுக்குகளாகப் பிரிந்தது. அண்மைக்காலம் வரை மேலடுக்கில் ஓர் அணி 85 வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம், அதற்கடுத்த எஃப்.சி.எஸ். அடுக்கில் 63, இரண்டாம் பிரிவில் 36, மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே இல்லை. தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் கல்லூரி வீரர்களை 'டிராஃப்ட்' என்னும் ஏழு சுற்றுத் தேர்வில் வரிசையாக எடுத்துக்கொள்கின்றன. எடுக்கப்படாதவர்கள் எந்த அணி அழைத்தாலும் சேரலாம். ஆனால் குறைந்த ஊதியத்துக்கு, எந்நேரமும் நீக்கப்படலாம் என்னும் நிலையில்.

இதன் நிழலாக இயங்குவது ஃபேன்டசி ஆட்டம். கிரிக்கெட்டின் வழியாக இதன் சாயலை இந்திய மாணவர்கள் அறிவார்கள். ரசிகர்கள் மெய்யான வீரர்களைத் தம் கற்பனை அணிக்குத் தேர்ந்துகொள்கிறார்கள். அவ்வீரர் களத்தில் 10 கெஜம் கடந்தால் 1 புள்ளி, டச்டவுனுக்கு 6, பல குழுக்களில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் 1. 'டைனஸ்டி' எனப்படும் குழுக்களில் வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், கல்லூரியை விட்டு வெளிவரும் ஒவ்வோர் ஓட்டக்காரரும் அங்கே ஒரு பங்குச் சரக்காகிறார். அணிகளின் சாரணர்களும் இந்த ரசிகர்களும் வெவ்வேறு அறைகளில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். இருவரும் ஒரே பிழையையும் செய்கிறார்கள்.

ஜேம்ஸ் ராபின்சனின் கதை அப்பிழையின் முழு உருவத்தைக் காட்டும். எஃப்.சி.எஸ். அடுக்கைச் சேர்ந்த இலினாய் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் மொத்தம் 4,444 கெஜம் ஓடினார். 2019ஆம் ஆண்டு மட்டும் 1,917 கெஜம். அதில் இறுதிச் சுற்றுப் போட்டி ஒன்றில் மட்டும் 297. இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்திறன் சோதனையில் 219 பவுண்டு எடையுடன் 40 கெஜத்தை 4.64 விநாடியில் ஓடினார். வேகம் சராசரிக்கும் கீழ். ஆனால் நின்ற இடத்திலிருந்து 40 அங்குலம் எகிறினார். 2020 டிராஃப்டில் 255 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் அதில் இல்லை.

ஜாக்சன்வில் அணி அவரைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் அந்த அணி தன் முதன்மை ஓட்டக்காரரான லெனர்ட் ஃபோர்னெட்டை நீக்கியது. ஃபோர்னெட் லூசியானா ஸ்டேட் என்னும் பெரும் பல்கலைக்கழகத்திலிருந்து 2017இல் நான்காவது பெயராக எடுக்கப்பட்டவர். காலியான இடத்தில் ராபின்சன் நின்றார். 14 ஆட்டங்களில் 1,070 கெஜம் ஓடினார். பிடித்த பந்துகளையும் சேர்த்தால் 1,414. டிராஃப்டில் எடுக்கப்படாத எந்தப் புதுமுக வீரரும் அதற்கு முன் அவ்வளவு கடந்ததில்லை. ஃபேன்டசிப் பட்டியலில் அவ்வாண்டின் முதல் பத்து ரன்னிங் பேக்குகளுள் ஒருவராக முடித்தார். அதே டிராஃப்டில் முதல் ரன்னிங் பேக்காக, 32ஆவது பெயராக, கன்சாஸ் சிட்டி எடுத்தவர் லூசியானா ஸ்டேட்டின் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். அவர் 13 ஆட்டங்களில் 803 கெஜம் ஓடினார். ஃபேன்டசி ரசிகர்கள் அவரை முதல் சுற்றிலேயே எடுத்திருந்தார்கள். ராபின்சனைப் பலர் ஆட்டங்கள் தொடங்கும் தறுவாயில்தான் தேடி எடுத்தார்கள்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது ஓர் இனிய விதிவிலக்கு. அடுத்த ஆண்டு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. புதிய பயிற்சியாளர் அர்பன் மேயரின் தலைமையில் ஜாக்சன்வில் அணி 2021 டிராஃப்டின் முதல் சுற்றில், 25ஆவது பெயராக, கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் எட்டியன் என்னும் ரன்னிங் பேக்கை எடுத்தது. பந்து பிடிக்கும் வேலைக்காகவே அவர் என்று காரணம் சொல்லப்பட்டது. முந்தைய ஆண்டில் 49 பந்துகளைப் பிடித்த ஒருவர் ஏற்கெனவே அணியில் இருந்தார். பெயர் ஜேம்ஸ் ராபின்சன். ஒரு முழு ஆண்டின் மெய்யான ஆட்டம், அதுவும் உலகின் மிகக் கடினமான தடுப்பு வரிசைகளுக்கு எதிராக ஆடியது, கல்லூரிப் பெயர் எழுப்பிய ஐயத்தைத் தீர்க்கப் போதவில்லை. ஃபேன்டசிச் சந்தையும் உடனே தலையாட்டியது. எட்டியனின் பெயர் வாசிக்கப்பட்ட அன்றே ராபின்சனின் மதிப்பு சரிந்தது.

இந்த ஏற்பாட்டின் தர்க்கம் வட்டமானது. முதலில், சிறிய கல்லூரி என்பதால் ஒருவர் பிந்திய சுற்றில் எடுக்கப்படுகிறார் அல்லது எடுக்கப்படுவதே இல்லை. பிந்தி எடுக்கப்பட்டவருக்கு அணி முதலீடு செய்யவில்லை. எனவே பந்து அவர் கைக்கு வருவதில்லை. பந்து வராதவர் கெஜங்களைச் சேர்ப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் தரவுகளைத் தொகுத்து, சிறிய கல்லூரிகளிலிருந்து வருவோர் பெரும்பாலும் சாதிப்பதில்லை என்று கண்டறிகிறார். அக்கண்டறிதல் அடுத்த ஆண்டின் டிராஃப்டுக்கு ஆதாரமாகிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரோ சோபிக்காத ஆண்டுகளிலும் களத்தில் நிற்கிறார். ஏனெனில் அவரை எடுத்தவரின் வேலையும் அவரோடு சேர்ந்து நிற்கிறது. அவர் சேர்க்கும் கெஜங்களும் பின்னர் தேர்வின் கூர்மைக்குச் சான்றாகின்றன. ஒரு மாறியின் விளைவையே அம்மாறிக்கான நியாயமாகக் காட்டுவதை முதலாண்டு ஆய்வு மாணவரிடம் எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார். விண்ணப்பத்தின் தலைப்பில் உள்ள நிறுவனப் பெயரைப் பார்த்துவிட்டு, இணைத்த கட்டுரையைத் திறக்காமலே குவியலில் வைக்கும் கைகள் பல்கலைக்கழகங்களிலும் உண்டு என்பதால், இந்தத் தர்க்கம் கல்வியுலகத்தினருக்கு அந்நியமாகத் தோன்றாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரணியின் தரம் எண்களை ஊதிப் பெருக்கும் என்பது உண்மை. டௌசன் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் வெஸ்ட் 2013ஆம் ஆண்டு எஃப்.சி.எஸ். அடுக்கில் 2,500 கெஜத்துக்கு மேல் ஓடி 41 டச்டவுன்களை எட்டினார். கிளீவ்லாண்ட் அணி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. அடுத்த ஆண்டே கைமாற்றிவிட்டது. அந்த மலைபோன்ற எண்களுக்கு ஈடான தொழில்வாழ்வு அவருக்கு வாய்க்கவில்லை. மேலும், இவ்வளவு பணம் புரளும் தொழிலில் 32 அணிகள் ஒரே பிழையை ஆண்டுக்கணக்கில் செய்வார்களா என்றும் கேட்கப்படும். சிறிய கல்லூரி ஓட்டக்காரர்களுள் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போதியவர்கள் அல்லர் என்பதும் மறுக்க இயலாதது. பெரிய கல்லூரி ஓட்டக்காரர்களுள் பெரும்பாலோரும் அப்படித்தான்.

இவ்வாதம் நிறுவுவது ஒன்றே: கல்லூரி எண்களை அப்படியே நம்பக்கூடாது. வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பார்க்க வேண்டியதில்லை என்றும் அது நிறுவவில்லை. 32 அணிகளும் ஒரே பிழையைச் செய்யலாம்; ஏனெனில் அவை ஒன்றையொன்று பார்த்தே முடிவெடுக்கின்றன. புகழ்பெற்ற கல்லூரியின் வீரர் தோற்றால் எடுத்தவரை எவரும் குற்றம் சொல்வதில்லை. பெயரறியாக் கல்லூரியின் வீரர் தோற்றால் எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பாதுகாப்பான பிழை பெரிய கல்லூரியின் பக்கம் குவிகிறது. அதை அறிவு என்பதைவிட அலுவலகத் தற்காப்பு என்பதே பொருந்தும்.

உடற்திறன் எண்களிடம் தஞ்சம் புகுபவர்களும் உண்டு. கல்லூரியின் பெயரைப் பொருட்படுத்தாமல் கடிகாரத்தை நம்புவோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. பில் பார்ன்வெல் முன்வைத்த 'வேகக் குறியீடு' இதில் பெயர் பெற்றது. எடையை 200ஆல் பெருக்கி, 40 கெஜ ஓட்ட நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 என்பது ஏறத்தாழச் சராசரி. மூன்று சிறிய கல்லூரி வீரர்களை இதில் இட்டுப் பார்க்கலாம். சவுத் டகோட்டா ஸ்டேட்டின் பியர் ஸ்டிராங் 207 பவுண்டு, 4.37 விநாடி, குறியீடு ஏறத்தாழ 113. நார்தர்ன் அயோவாவின் டேவிட் ஜான்சன் 224 பவுண்டு, 4.50 விநாடி, ஏறத்தாழ 109. ராபின்சன் ஏறத்தாழ 94. இவ்வரிசைப்படி ஸ்டிராங்கே மூவரிலும் தலையானவர். 2022இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர், மறு ஆண்டே கைமாற்றப்பட்டு, எந்த அணியிலும் முதன்மை ஓட்டக்காரராகவில்லை. கடைசியில் நிற்கும் ராபின்சன் தம் முதலாண்டிலேயே ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். மூன்று பேரை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் ஒற்றை எண்ணால் ஒரு வீரரை அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கையைத் தளர்த்த மூன்று பேர் போதும்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு சோம்பல் உண்டு. அது இனிமையாகப் பேசும். சேற்றில் கிடக்கும் வைரத்தைத் தாமே கண்டெடுத்ததாக மகிழும் ஃபேன்டசி ரசிகரின் சோம்பல் அது. ஒரு சிறிய கல்லூரி வீரரின் காணொளித் துணுக்குகளை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அடுத்த ஆஸ்டின் எக்கெலர் இவர்தான்" என்று அறிவிப்பவர், பெயரைக் கேட்டவுடன் நிராகரிப்பவரின் இரட்டைப் பிறவி. எக்கெலர் கொலராடோவின் கன்னிசனில் உள்ள இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து, 2017இல் எவராலும் எடுக்கப்படாமல் சார்ஜர்ஸ் அணிக்கு வந்தவர். 2019இல் 92 பந்துகளைப் பிடித்து 993 கெஜம் சேர்த்தார். 2021இல் 20 டச்டவுன்கள், 2022இல் 18. அந்த 2022ஆம் ஆண்டில் 107 பந்துகளைப் பிடித்து, ஃபேன்டசியில் ரன்னிங் பேக்குகளுள் முதலிடம் பெற்றார். அவரைப்போல் இன்னொருவர் வருவார் என்பதற்கு அவர் சான்றல்லர். நிராகரிப்பவரும் புகழ்பவரும் கல்லூரியின் அளவைத்தான் பார்க்கிறார்கள். அந்த மனிதர் எப்படி ஓடுகிறார் என்பதை இருவருமே பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. முதலாவது, அடுக்குகள் முற்றிலும் தனித்தனித் தீவுகள் அல்ல. சிறிய கல்லூரிகள் பணத்துக்காக ஆண்டுக்கு ஓரிரு முறை பெரிய கல்லூரிகளின் மைதானத்துக்குச் சென்று ஆடுகின்றன. 2014 ஆகஸ்ட் மாதம் நார்தர்ன் அயோவா அணி, மேலடுக்கைச் சேர்ந்த அயோவா பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. அந்த ஆட்டத்தில் டேவிட் ஜான்சன் 5 பந்துகளைப் பிடித்து 203 கெஜம் கடந்தார். "எதிரே ஆடியவர்கள் யார்?" என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடைக்காது. ஆயினும் 2015 டிராஃப்டில் அவர் பெயர் 86ஆவதாகத்தான் வாசிக்கப்பட்டது. மறு ஆண்டு, 2016இல், அவர் அரிசோனா அணிக்காக 1,239 கெஜம் ஓடி, 80 பந்துகளைப் பிடித்து 879 கெஜம் சேர்த்து, 20 டச்டவுன்களை எட்டினார். மேற்சொன்ன ஃபேன்டசிக் கணக்கில் இட்டால் கெஜங்களுக்கு 211.8, டச்டவுன்களுக்கு 120, பிடிகளுக்கு 80, மொத்தம் 411.8. தவறவிட்ட பந்துகளுக்குரிய கழிவு போனாலும் 400க்கு மேல் நிற்கும். அந்த உச்சத்தின் விதை, பந்து பிடிக்கும் அந்தக் கைகள், அயோவா மைதானத்தில் பல்லாயிரம் பேர் முன்னிலையில் வெளிப்பட்டே இருந்தது.

இரண்டாவது, 'சிறிய கல்லூரி' என்பது ஒரே தரம் அன்று. நார்தர்ன் அயோவா, இலினாய் ஸ்டேட், சவுத் டகோட்டா ஸ்டேட் மூன்றும் ஆடியது மிசௌரி வேலி என்னும் ஒரே கூட்டமைப்பில். 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து முறை எஃப்.சி.எஸ். வாகை சூடிய நார்த் டகோட்டா ஸ்டேட்டும் அக்கூட்டமைப்பில்தான் ஆடியது. அதே நார்த் டகோட்டா ஸ்டேட் 2016 செப்டம்பரில் தரவரிசையில் 13ஆம் இடத்திலிருந்த அயோவாவை 23-21 என்று வென்றது. இக்கூட்டமைப்பில் வாரந்தோறும் அடிபட்டு ஓடியவரையும், உதவித்தொகையே தராத ஒரு சங்கத்தில் ஓடியவரையும் ஒரே சொல்லால் குறிப்பது அளவீடாகாது.

மூன்றாவது, எதிரணியின் தரம் எல்லாத் திறன்களையும் ஒரே அளவில் ஊதிப் பெருக்குவதில்லை. திறந்த வெளியில் தனித்து 70 கெஜம் ஓடுவது எதிரணியின் வேகத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் வரும் பந்தைத் தலை திருப்பிக் கையால் பிடிப்பதும், எந்தத் தடுப்பாளர் பாய்ந்து வருவார் என்று முன்னறிந்து தோளால் மறிப்பதும், தடுப்புச் சுவரில் வழி திறக்கும்வரை பொறுத்திருப்பதும் அவ்வளவாக எதிரணியைப் பொறுத்தவை அல்ல. முதல் மோதலுக்குப் பின் எத்தனை கெஜம், கால் எத்தனை அடி முன்னே விழுந்தது என்பதைக் காணொளி காட்டும். இவை உழைப்பைக் கேட்கும் சான்றுகள். ஒரு வீரரின் ஓர் ஆண்டு ஆட்டங்களை முழுமையாகப் பார்க்க இரண்டு மூன்று நாட்கள் ஆகும். கல்லூரிப் பெயரைப் பார்க்க ஒரு விநாடி போதும்.

இந்த ஒரு விநாடி வழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு, அது மங்கலமானதன்று. மிசிசிப்பி மாநிலத்தின் வால்டர் பேட்டன் ஆடியது ஜாக்சன் ஸ்டேட் என்னும் கறுப்பினக் கல்லூரியில். சிகாகோ பேர்ஸ் 1975இல் அவரை நான்காவது பெயராக எடுத்தது. 1987இல் ஓய்வு பெறும்போது அவர் ஓடியிருந்தது 16,726 கெஜம்; 2002 வரை அதை எவரும் கடக்கவில்லை. ஜாக்சன் ஸ்டேட் போன்ற கல்லூரிகளில் இத்தகைய திறன் குவிந்தது தற்செயலன்று. தெற்கு மாநிலங்களின் பெரும் பல்கலைக்கழக அணிகளுள் பெரும்பாலானவை 1960களின் பிற்பகுதி வரை கறுப்பின மாணவர்களுக்குக் கதவை மூடி வைத்திருந்தன. அலபாமா, லூசியானா, மிசிசிப்பி ஆகிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆட்டமொன்றில் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலாகக் களமிறங்கியது 1967இல்தான். அன்று 'பெரிய கல்லூரி' என்ற சொல்லுக்கு ஆட்டத்தின் தரம் மட்டும் பொருளாக இருக்கவில்லை. நிறமும் பொருளாக இருந்தது.

அக்காலத்தில் பெயரைப் பாராமல் ஆளைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பில் நன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்னும் கறுப்பின இதழின் விளையாட்டுச் செய்தியாளர். ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களைப் பட்டியலிட்டவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைச் சாரணராகச் சேர்த்துக்கொண்டது. பிறர் பெயர்கூட அறியாத மைதானங்களின் பயிற்சியாளர்களை அவர் நேரில் அறிவார். 1974ஆம் ஆண்டு அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வொர்த் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டார். சவுத் கரோலினா ஸ்டேட்டின் டோனி ஷெல் டிராஃப்டில் எடுக்கப்படாமலே சேர்ந்தார். இருவரும் பின்னாளில் புகழ் மண்டபம் ஏறினார்கள். அந்த அணி ஆறு ஆண்டுகளில் நான்கு முறை சூப்பர் பௌல் வென்றது. நன் தாமும் 2021இல் அம்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அவர் கையில் இரகசியச் சூத்திரம் எதுவும் இருந்ததில்லை. போய்ப் பார்த்தார். அதே 2021ஆம் ஆண்டின் டிராஃப்டில் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்துகூட ஒரு பெயர் வாசிக்கப்படவில்லை, 2024இலும் அவ்வாறே. பெரிய கல்லூரிகள் கதவைத் திறந்த பின் திறனாளர்களை அவை ஈர்த்துக்கொண்டன என்பது உண்மை. எஞ்சியோரைப் பார்க்கும் வழக்கமும் கூடவே மறைந்தது என்பதும் உண்மை.

இன்று புதிதாக ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறலாம். தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணமும் ஈட்டலாம். ஆகவே, திறமையிருந்தால் மாறியிருப்பாரே, மாறாதவரிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்கிறார்கள். கேம் ஸ்கேட்டபோவின் கதை இதற்கு விடை. அவர் 2022இல் சேக்ரமெண்டோ ஸ்டேட் என்னும் எஃப்.சி.எஸ். கல்லூரியில் 1,373 கெஜம் ஓடினார். பின் அரிசோனா ஸ்டேட்டுக்கு மாறி, 2024இல் 1,711 கெஜம் ஓடி, பந்து பிடித்து 605 கெஜம் சேர்த்து, ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் கூர்மையடைந்திருக்கலாம். ஆனால் உடலும் ஓடும் விதமும் அவருடையவையே. சட்டையின் நிறம் மாறியதும் அதுவரை தெரியாத தேசத்துக்கு அவர் தெரிந்தார். மாறாமல் நின்றவர்களுள் குடும்பத்தை விட்டு நகர முடியாதவர்கள், தம்மை முதலில் நம்பிய பயிற்சியாளரை விட்டு விலக மனமில்லாதவர்கள், படிப்பை முடிக்க விரும்பியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் தங்கியதையே அவர்களுக்கு எதிரான சான்றாக்குவது, பார்க்க மறுப்பதற்குக் கண்டுபிடித்த இன்னொரு சாக்கு.

அணிகளின் அச்சத்துக்காவது ஒரு காரணம் சொல்லலாம்: அங்கே வேலைகள் பறிபோகும். ஃபேன்டசி ரசிகருக்கு அந்த அச்சம் இல்லை. அவரை எவரும் வேலையிலிருந்து நீக்கப் போவதில்லை. கூட்டத்தின் கருத்திலிருந்து விலகி நிற்பவருக்கே அந்த ஆட்டத்தில் ஆதாயம். இருந்தும் அவர் செய்வது என்ன? எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டார் என்பதைத் தம் சூத்திரத்தின் முதன்மை மாறியாக வைத்துக்கொள்கிறார். வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்பதை அது முன்னறிவிக்கும் என்பதால் ஓரளவு பயனுள்ள மாறிதான். ஆனால் வாய்ப்பை முன்னறிவிப்பதும் திறனை அளப்பதும் இரு வேறு செயல்கள். இரண்டையும் ஒன்றாக்கியவர், அணிகளின் பிழைகளைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாக மறுபதிப்புச் செய்கிறார். எக்கெலருக்கு முதன்மை இடம் கிடைத்தது, 2019இல் மெல்வின் கார்டன் ஊதியத் தகராறில் அணிக்கு வராமலிருந்தபோது. ராபின்சனுக்கு வழி திறந்தது ஃபோர்னெட் நீக்கப்பட்டபோது. டேவிட் ஜான்சன் முன்னுக்கு வந்தது 2015இல் மூத்த ஓட்டக்காரர்கள் காயமடைந்தபோது. மூவருக்கும் கதவைத் திறந்தது விபத்து, மதிப்பீடு திறக்கவில்லை. விபத்து நேராத அணிகளின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்து, பந்தைத் தொடாமலே வீட்டுக்குத் திரும்பியவர்களின் பெயர் எந்தத் தரவுத்தொகுப்பிலும் இராது.

இதில் காலம் ஏன் முக்கியம் என்பதை ரன்னிங் பேக்கின் உடல் சொல்லும். ஒவ்வோர் ஓட்டமும் ஒரு மோதலில் முடிகிறது. முப்பது வயதை எட்டும்போது இத்தொழிலில் பெரும்பாலோர் முடிந்துவிடுகிறார்கள். 2011ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின் புதுமுக வீரர்களின் ஊதியம் எடுக்கப்பட்ட வரிசையால் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குத் தோற்றாலும் கோடிகள் உறுதி. எடுக்கப்படாதவருக்கு மூன்றாண்டுக் குறைந்த ஊதியம்; அவருடைய நியாயமான விலை என்ன என்பது அந்த மூன்றாண்டுகளும் உடைந்துவிடாமல் நின்றால்தான் பேசப்படும். முதல் மதிப்பீட்டின் பிழையைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்பது பேராசிரியர்களுக்குப் பொருந்தலாம். இருபத்திரண்டு வயது ஓட்டக்காரருக்கு அந்தப் பின்னர் வருவதில்லை.

2020ஆம் ஆண்டு 1,070 கெஜம் ஓடியதற்கு ராபின்சனுக்குக் கிடைத்த அடிப்படை ஊதியம், அவ்வாண்டின் புதுமுகக் குறைந்தபட்சமான 6.1 லட்சம் டாலர். 2021இல் அவர் இடத்துக்கென எடுக்கப்பட்ட எட்டியனின் நான்காண்டு ஒப்பந்தம் 1.2 கோடி டாலரைத் தாண்டியது. எட்டியன் அந்த ஆகஸ்டிலேயே காலில் காயமடைந்து ஆண்டு முழுவதும் களமிறங்கவில்லை. ஆகவே பாரத்தை மீண்டும் ராபின்சனே சுமந்தார். டிசம்பர் 26ஆம் நாள் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. ஒன்பது மாதங்களுக்குள் மீண்டு வந்து 2022இன் முதல் ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் அடித்தார். அக்டோபரில் அதே ஜெட்ஸ் அணிக்கு, ஒரு பிந்திய சுற்றுத் தேர்வுரிமைக்கு, கைமாற்றப்பட்டார். அதன்பின் எந்த அணியிலும் முதன்மை இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்து விலை பேச வேண்டிய வேளை வந்தபோது, விலை பேசுவதற்குரிய அந்தக் கால் ஏற்கெனவே செலவாகியிருந்தது.

இனி வரும் ஏப்ரல்களிலும் ஏதேனும் ஒரு சிறிய கல்லூரி ஓட்டக்காரரின் பெயர் பேச்சில் வரும். எதிரே ஆடியவர்கள் யார் என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டவர் பிறகு காணொளியைத் திறந்து, அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, விடையைத் தாமே எழுதட்டும். அதைச் செய்ய நேரமில்லாதவர் தமக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளட்டும். தெரிந்ததுபோல் தீர்ப்பு வழங்க வேண்டாம்.